சிங்கத்துக்குப் பிடரி, முயலுக்குக் காது

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

"நாய் வேடம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும்" என்பது நம்மவர் பழமொழி. குரைப்பது எளிது, வேடத்தைப் போடுவதுதான் கடினம் என்பதைச் சென்ற ஆண்டு நான் கற்றுக்கொண்டேன். அவ்வாறு கற்றதை மாணவ நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் விளக்கிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில், மந்தைவெளிப் பக்கத்திலுள்ள பள்ளி ஒன்றில் சிறுவர்களுக்காக ஒரு நாடகம் நடத்துவதென்று முடிவாயிற்று. கதை, பஞ்சதந்திரத்தில் வரும் சிங்கமும் முயலும். நாளுக்கொரு விலங்கை உண்ணும் சிங்கத்தை ஒரு முயல் கிணற்றங்கரைக்கு அழைத்துப் போய், அதன் நிழலையே அதற்குப் பகையாகக் காட்டி வீழ்த்தும் கதை. உரையாடலை ஒரே மாலையில் எழுதி முடித்தோம். என் தோழி சிங்கம், நான் முயல். சிங்கத்துக்குப் பிடரி வேண்டும், முயலுக்குக் காது வேண்டும். தியாகராய நகரில் வேட உடைகள் வாடகைக்குத் தரும் கடை ஒன்றில் விசாரித்தோம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாள் வாடகை 700 ரூபாய், முன்பணம் 2,000 ரூபாய் என்றார்கள். எங்கள் கையிலிருந்த மொத்த நிதியோ 900 ரூபாய். "கவலை வேண்டாம், நானே செய்து விடுகிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா சிரித்தார். சாப்பிட்டுக் கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. "உன்ன காலேஜுக்கு அனுப்புனது வேஷம் கட்டவா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியின் பொருள் எனக்குத் தெரியும். என் தாத்தா செய்யாறு வட்டத்தில் ஒரு சிற்றூரில் தெருக்கூத்து ஆடியவர். இரவெல்லாம் அரசனாக நின்றவரைப் பகலில் "ஏய் கூத்தாடி" என்று அழைத்துக் கூலி கொடுத்தார்களாம். அந்தச் சொல் தன் பிள்ளைகளுக்கு வேண்டாமென்று அப்பா ஊரைவிட்டுச் சென்னைக்கு வந்தார். மூட்டை தூக்கினார், பிறகு ஆட்டோ ஓட்டினார். அம்மா மயிலாப்பூர் மாடவீதியில் பூக்கட்டி விற்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தாத்தா அணிந்த கட்டைகளில் ஒன்றுகூட இன்று எங்கள் வீட்டில் இல்லை.

அப்பாவுக்குப் பதில் சொல்ல முடியாமல் நான் முதலில் போன இடம் நூலகம்.

வேடம் கட்டியவர்கள் யார்?

பொய்முடி நேற்று வந்த பொருளன்று. பண்டைய எகிப்தில் மனித மயிராலும் தாவர நாராலும் பொய்முடி செய்து தேன்மெழுகால் படிய வைத்தார்கள். இங்கிலாந்தில் நீதிபதிகள் குதிரை மயிரால் ஆன பொய்முடியை அணிந்து தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, தலையில் பொய்முடி வைத்தவர் எல்லோரையும் உலகம் இழிவாக நினைத்துவிடவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். தஞ்சையை அடுத்த மெலட்டூரில் நடைபெறும் பாகவத மேளாவில் நரசிம்மரின் சிங்க முகம் வழிபாட்டுக்குரிய பொருளாகும். தெருக்கூத்திலோ கிரீடமும் தோள் அணிகளும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்பட்டு, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டப்படுகின்றன. அந்த மரம் தக்கைபோல் இலேசானது. விடிய விடிய ஆடுகிறவன் தலையில் கனம் கூடாது என்ற அறிவு அதில் இருக்கிறது. திரௌபதி வேடம் கட்டும் ஆணுக்குச் சவுரி இன்றியமையாதது. விரித்த கூந்தலும் அதை முடிக்கும் சபதமும் இல்லாமல் பாரதக் கூத்து ஏது?

1891ஆம் ஆண்டு சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் அப்போது ஏறக்குறைய நம் வயதினர். பின்னாளில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கியவர். படித்தவர்கள் மேடையேறுவது இழுக்கு என்ற எண்ணம் மாறுவதற்கு அவருடைய சபை பெருந்துணை புரிந்தது. டி.கே. சண்முகம் அவர்கள் நரைத்த பொய்முடியுடன் ஔவை மூதாட்டியாக நடித்துப் பெற்ற புகழால் 'அவ்வை சண்முகம்' ஆனார். இராயப்பேட்டை வழியாகப் போகிறவர்கள் அவர் பெயர் தாங்கிய சாலையை இன்றும் பார்க்கலாம். 1977ஆம் ஆண்டு ந. முத்துசாமி அவர்கள் கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோது, புரிசைக் கூத்தர்களிடமிருந்து சென்னை நகரத்து நடிகர்கள் பாடம் கற்றார்கள்.

இக்காலத்து இளைஞர்களிடையே 'காஸ்பிளே' என்றொரு பழக்கம் பரவியிருக்கிறது. படக்கதைகளிலும் திரைப்படங்களிலும் வரும் பாத்திரங்களைப் போலத் தாமே உடை தைத்து, பொய்முடி அணிந்து ஓரிடத்தில் கூடுவது. 1939ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணி, எதிர்கால மனிதரின் உடை என்று தாமே தைத்த உடைகளைத் தாமும் அணிந்து, நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மனுக்கும் அணிவித்து வந்தார். 'காஸ்பிளே' என்ற சொல் 1980களில் ஜப்பானில் பிறந்தது. பூனைக் காது வைத்துக்கொள்வதற்கு அங்கே 'நெக்கோமிமி' என்று தனிப் பெயரே உண்டு. நெக்கோ என்றால் பூனை, மிமி என்றால் காது. 2024 பிப்ரவரியில் நம் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் நடந்தபோது, இப்படி வேடமிட்ட இளைஞர்களை மின்தொடர் வண்டியிலேயே காண முடிந்தது. அவர்களை யாரும் கூத்தாடி என்று அழைக்கவில்லை. அதே வேலையைச் செய்த என் தாத்தாவை மட்டும் ஏன் அழைத்தார்கள் என்ற கேள்வியோடு வேலையைத் தொடங்கினேன்.

எதைக் கொண்டு செய்வது?

மேடைக்காரர்கள் பொய்முடியை 'டோப்பா' என்பார்கள். அதற்கு மூன்று வகைப் பொருள்கள் உண்டு.

முதலாவது மனித மயிர். இது கெரட்டின் என்னும் புரதம். இதில் கந்தகம் கலந்திருப்பதால்தான் மயிர் பொசுங்கும்போது அந்தத் தனி நாற்றம் வருகிறது. திருப்பதி போன்ற திருத்தலங்களில் காணிக்கையாகும் நீண்ட முடி ஏலத்தில் விற்கப்பட்டு அயல்நாடுகளுக்குப் போகிறது. வீட்டில் சீப்பில் வரும் சிக்குமுடியையும் வாங்கிக்கொண்டு பாத்திரம் தருகிறவர்கள் உண்டு. விலை மிகுதியாகையால் இது நமக்கு எட்டாது.

இரண்டாவது செயற்கை இழை. பளபளப்பானது, துவைக்கலாம். ஆனால் சூடு பட்டால் உருகும். உருகிய துளி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

மூன்றாவது சணல். இது செல்லுலோசும் லிக்னினும் சேர்ந்த தாவர நார். பழைய நாடகக் குழுக்களின் தாடி, சடாமுடி எல்லாம் பெரும்பாலும் இதுதான். குழாய் வேலை செய்வோர் மரையில் சுற்றுவதற்காக வன்பொருள் கடைகளில் முறுக்காத சணல் கற்றையாக விற்பனையாகிறது. லஸ் பக்கத்துக் கடை ஒன்றில் அரைக் கிலோ வாங்கினேன்.

வாங்கிய நார் எது என்ற ஐயம் எழுந்தால், ஓர் இழையை இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டிப் பாருங்கள். காகிதம் போல் எரிந்து சாம்பலானால் தாவர நார். மயிர் பொசுங்கும் நாற்றம் வந்தால் மயிர் அல்லது கம்பளி. உருகிச் சுருண்டு மணியாகத் திரண்டால் செயற்கை இழை.

சாயம் தோய்த்தல்

கடைச் சணலில் எண்ணெய்ப் பசை இருக்கும். அதைப் போக்காவிட்டால் சாயம் பிடிக்காது. சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, பலமுறை அலசிக் காயவைக்க வேண்டும்.

இங்கே என் அறியாமையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சிங்கம் மஞ்சள் நிறந்தானே என்று முதலில் மஞ்சள் தூளில் தோய்த்தேன். பொன்னிறமாக வந்தது. மகிழ்ந்துபோய், வாடை போகட்டும் என்று சோப்பு நீரில் முக்கினேன். பிடரி முழுவதும் செந்நிறத் திட்டுகள்! "சிங்கத்துக்கு முதல் காட்சியிலேயே அடிபட்டுவிட்டதா?" என்று தோழி கேட்டாள். மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும் என்பதை ஆய்வகத்தில் படித்தவள்தான் நான். அம்மா ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலப்பதும் இதே வினைதான். தேர்வில் எழுதத் தெரிந்தது, வாளியின் முன் நினைவுக்கு வரவில்லை. தவிரவும் மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். ஆகவே அதை விடுக.

சரியான முறை இது. நான்கு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் தேயிலைத் தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டி, அந்தச் சூட்டிலேயே சணலை ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் நல்ல பழுப்பு நிறம் ஏறும். சிங்கப் பிடரியின் நுனி கருத்திருக்க வேண்டுமானால், நுனியை மட்டும் கடுக்காய்க் கஷாயத்தில் நனைத்து, பின்னர் ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி அன்னபேதி கரைத்து அதில் தோய்க்க வேண்டும். அன்னபேதி என்பது நாம் ஆய்வகத்தில் காணும் இரும்பு சல்பேட்டுதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கடுக்காயிலுள்ள டானினோடு இரும்பு சேர்ந்து, கண்ணெதிரே கருமையாகிறது. ஒரு காலத்தில் எழுதும் மையும் இவ்வாறே செய்யப்பட்டது. இதற்குச் சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தலாகாது. இரும்பு தங்கினால் நாளடைவில் நார் இற்றுப்போகும். ஆகையால் நீர் தெளியும்வரை அலச வேண்டும்.

தலையை அளத்தலும் குல்லாய் தைத்தலும்

மூன்று அளவுகள் தேவை. நெற்றியையும் பின்கழுத்தின் மேற்புறத்தையும் சுற்றி ஓரளவு. நெற்றி உச்சியிலிருந்து பிடரிவரை ஓரளவு. ஒரு காதின் மேலிருந்து மறுகாதின் மேல்வரை ஓரளவு. என் தோழியின் தலைச் சுற்றளவு 55 சென்டிமீட்டர்.

குல்லாய்க்கு ஏற்றது பழைய பருத்திப் பனியன். அது இழுத்தால் நீளும், வியர்வையை உறிஞ்சும். நான்கு ஆரஞ்சுச் சுளை வடிவத் துண்டுகளாக வெட்டி, மேலே குவியுமாறு தைத்து, ஓரத்தில் எலாஸ்டிக் கொடுக்க வேண்டும். கடையில் இதை மரத்தலையில் வைத்துத் தைப்பார்கள். எங்கள் வீட்டுச் சின்னக் குடத்தின் வயிற்றுச் சுற்றளவு 56 சென்டிமீட்டர் இருந்தது. அதைக் கவிழ்த்து, குல்லாயை மாட்டி, வடித்த கஞ்சியைத் தடவி வெயிலில் காயவைத்தேன். மறுநாள் தலை வடிவில் விறைப்பாக நின்றது.

சரம் தொடுத்தல்

விலையுயர்ந்த பொய்முடிகளில் மெல்லிய வலையில் ஒவ்வொரு மயிராகக் கொக்கி ஊசியால் முடிச்சிடுவார்கள். நமக்கு அது வேண்டாம். நாரை வரிசைகளாகக் கட்டி, அவ்வரிசைகளைக் குல்லாயில் தைத்தால் போதும். இந்த வரிசை கட்டுவதில்தான் நான் இரண்டு இரவுகளை வீணாக்கினேன். கட்டிய கற்றைகள் இழுத்தவுடன் கழன்று வந்தன.

விடியற்காலையில் பூக்கட்டிக் கொண்டிருந்த அம்மா, நான் படும் பாட்டைப் பார்த்து, "இங்க குடு" என்று வாங்கினார். ஒரு சிட்டிகைச் சணலை எடுத்து, ஒரு முனையில் இரண்டு விரற்கடை மடித்தார். மடித்த பகுதி பூக்காம்பு போலாயிற்று. அதை நூலின் மேல் வைத்து, விரலில் நூலைச் சுழற்றிச் சுருக்கை வீசி இழுத்தார். கண் இமைக்கும் நேரம். அதன் பக்கத்தில் அடுத்தது, அதற்கடுத்தது. மல்லிகைச் சரம் போலச் சணற்சரம் நீண்டது.

"பூவுக்கு ஒரு சுருக்கு போதும், அது ஒரு நாளு உசுரு. இது ஓடி ஆடணும்ல? ரெண்டு சுருக்கு போடு" என்றார். வாழைநாரும் உதவாது, காய்ந்தால் முறியும். தடித்த பருத்தி நூல் வேண்டும் என்றார். மடித்த முனை தடுப்பதால் கற்றை உருவி வராது. இரண்டாவது சுருக்கினால் உராய்வு கூடுகிறது. இந்த விளக்கம் நான் பின்னர் யோசித்துக் கண்டது. அம்மாவின் விரல்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. "எத்தன மொழம் வேணும்?" என்று கேட்டார். பிடரிக்கு ஏழு, தாடிக்கு இரண்டு, ஆக ஒன்பது முழம். என் இரண்டு இரவு வேலையை அம்மா மாடவீதிக்குக் கிளம்புவதற்குள் முடித்துவிட்டார்.

சரங்களைத் தைக்கும் ஒழுங்கு முக்கியமானது. கூரை வேய்கிறவர் இறவாரத்தில் தொடங்கி முகட்டில் முடிப்பார். மேல் வரிசை கீழ் வரிசையின் கட்டை மறைக்கும். அதுபோலவே பின்கழுத்தில் தொடங்கி, இரண்டு விரற்கடைக்கு ஒரு வரிசையாக முன்னேறி, முகத்தைச் சுற்றிய வரிசையில் முடிக்க வேண்டும். நார் பின்னோக்கிச் சாய்ந்து தையல்களை மூடிக்கொள்ளும். சிக்கெடுக்கும்போது நுனியிலிருந்து மேலாகச் சீவுக. தலையில் மாட்டிப் பார்த்த பிறகே கத்தரிக்க வேண்டும். குடத்தின் மேல் அழகாக இருப்பது முகத்துக்குப் பொருந்தாமல் போகலாம். தாடியை முகத்தில் ஒட்டாமல், காதுகளின் பின்னே மாட்டும் எலாஸ்டிக்கில் கட்டிவிட்டேன்.

முயலின் காது

முயல் என்றால் வெள்ளை என்றே நாம் படம் வரைகிறோம். நம் மண்ணின் காட்டு முயல் பழுப்பு நிறமுடையது. பின்கழுத்து கருத்திருப்பதால் அதற்குக் கருங்கழுத்து முயல் என்று பெயர். அடையாற்றை ஒட்டிய கிண்டி தேசியப் பூங்காவிலேயே அது வாழ்கிறது. எனவே தேயிலைச் சாறு மீதியிருந்ததில் பழைய வேட்டித் துண்டைத் தோய்த்து, வெளிப்புறத் துணியாக வைத்துக்கொண்டேன். உட்புறத்துக்குத் தையற்கடையில் கிடைத்த இளஞ்சிவப்புத் துண்டு.

ஒரு காது 22 சென்டிமீட்டர் நீளம், நடுவில் 8 சென்டிமீட்டர் அகலம், வாழைப்பூ மடல் வடிவம். உள்துணியையும் வெளித்துணியையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்து, அடிப்பக்கம் விட்டு மற்ற ஓரங்களைத் தைத்துப் புரட்ட வேண்டும். உள்ளே மெல்லிய ஸ்பான்ஜ் தகடு. காது நிமிர்ந்து நிற்பதற்குக் கம்பி வைப்பார்கள். நான் துடைப்பத்து ஈர்க்குகளை மும்மூன்றாகக் கட்டி, முனைகளில் துணி சுற்றி வைத்தேன். ஈர்க்கு இலேசானது, வளைந்தாலும் நிமிரும், சிறுவர் கண்ணில் பட்டாலும் கம்பி அளவுக்குத் தீங்கில்லை. கடைசியாகக் காதின் அடியைச் சேலைக் கொசுவம் போல ஒரு மடிப்பு மடித்துத் தைக்க வேண்டும். தட்டையாகக் கிடந்த துணிக்கு அந்த ஒரே மடிப்பில் உயிர் வந்துவிடும். மனிதக் காது கண்ணுக்கு நேராக இருக்கிறது. முயற்காது உச்சந்தலையில் நெருக்கமாக நிற்கிறது. ஆகவே நம் காதுகளை முடியால் மறைத்து, இவற்றை உச்சியில் நான்கு விரல் இடைவெளியில் பொருத்த வேண்டும்.

காதுகளை ஒரு பிளாஸ்டிக் தலைப்பட்டையில் தைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் முயலேதான்!

ஒத்திகையில் விழுந்த காது

நிற்க. நாடகத்தின் உயிர்நிலை, முயல் கிணற்றை எட்டிப் பார்க்கும் காட்சி. ஒத்திகையில் நான் குனிந்தேன். காதுகள் இரண்டும் கிணற்றுக்குள் போயின. மறுபடி குனிந்தேன், மறுபடியும் விழுந்தன. தலைப்பட்டையை இறுக்கினால் தலை வலித்தது. தளர்த்தினால் காது போயிற்று. தலைப்பட்டை இரண்டே இடங்களில்தான் தலையைப் பிடிக்கிறது. நீண்ட காதின் எடை உயரத்திலிருக்கிறது. குனிந்ததும் அது நெம்புகோல் போலப் பட்டையைப் பெயர்த்துவிடுகிறது. காரணம் விளங்கிவிட்டது. வழி மட்டும் விளங்கவில்லை. நாடகத்துக்கு மூன்று நாட்களே இருந்தன.

அன்றிரவு வீட்டில் நான் குனிவதும் காது விழுவதுமாக இருந்ததை அப்பா வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து வந்து, பழைய வேட்டியில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு நீளத் துண்டு கிழித்தார். அதை இலேசாக நனைத்துப் பிழிந்தார். "நெத்தியில புடிக்கக் கூடாது பாப்பா. பின்மண்ட மேட்டுக்குக் கீழ புடிக்கணும். அங்கதான் நழுவாது" என்றார். துண்டின் நடுவை என் பிடரியில் வைத்து, காதுகளுக்கு மேலாக முன்னே கொண்டுவந்து, நெற்றியின் மேல் குறுக்காக மாற்றி, மீண்டும் பின்னே இழுத்து முடிச்சிட்டார். தலைப்பட்டையைப் பிய்த்துவிட்டு, காதுகளின் அடியை ஓர் உள்ளங்கை அகலத் துணியில் தைக்கச் சொன்னார். அத்துணியைத் தலைக்கட்டின் மேல் வைத்து இரண்டாவது சுற்றால் கட்டினார்.

குனிந்தேன். ஆடினேன். குதித்தேன். காது அசையவில்லை.

"கிரீடம் மூணு கிலோ இருக்கும். தாத்தா கட்டும்போது நாந்தான் பின்னால நின்னு இழுத்துப் புடிப்பேன்" என்றார். அப்போது தமக்கு எட்டு வயது என்றார். பிறகு வாசற்படிக்கே போய்விட்டார். அப்பா தம் தந்தையின் கூத்தைப் பற்றி என்னிடம் வாய் திறந்து பேசியது அதுவே முதல் தடவை.

சில எச்சரிக்கைகள்

சணல் எளிதில் தீப்பற்றும். பொய்முடி அணிந்தவர் கற்பூரம், விளக்கு, அடுப்பு இவற்றின் அருகே செல்லலாகாது. மிதிவண்டி டியூப் ஒட்டும் பசை, மயில்துத்தம் கலந்த பசை ஆகியவற்றைத் தோலில் படும் இடத்தில் பயன்படுத்த வேண்டாம். பொய்முடியின் எடையைக் கவனிக்க வேண்டும். நான் முதலில் அரைக் கிலோவையும் தைத்துவிட்டுத் தோழிக்குக் கழுத்து வலிக்கவே, வரிசைகளைக் குறைத்து 350 கிராமாக்கினேன். ஒருவர் அணிந்ததை மற்றவர் அணியுமுன் குல்லாயின் உட்புறத்தைத் துவைத்துக் காயவைக்க வேண்டும். பெட்டியில் வைக்கும்போது காய்ந்த வேப்பிலை போட்டு வைக்கலாம். ஈரத்தோடு மட்டும் மூடி வைக்கலாகாது, பூஞ்சை பிடிக்கும்.

மொத்தச் செலவு: சணல் 130 ரூபாய், தேயிலைத் தூள் 40, கடுக்காயும் அன்னபேதியும் 30, நூலும் எலாஸ்டிக்கும் 35, ஸ்பான்ஜ் 25. ஆக 260 ரூபாய். மீதிப் பணத்தில் நாடகம் முடிந்ததும் சிறுவர்களுக்குக் கடலை உருண்டை வாங்கிக் கொடுத்தோம்.

முடிவுரை

நாடகம் நன்றாகவே நடந்தது. நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது முன்வரிசைச் சிறுவர்களும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு சிறுமி ஓடி வந்து சிங்கத்தின் பிடரியைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, இது கடையில வாங்குனதா?" என்று கேட்டாள். "இல்லை, எங்கம்மா கட்டினது" என்றேன். அவள் நம்பவில்லை.

அப்பா உள்ளே வரவில்லை. பள்ளி வாசலில் ஆட்டோவை நிறுத்திக் காத்திருந்தார். சன்னல் வழியே பார்த்தாரா என்று நான் கேட்கவும் இல்லை. வீடு வரும் வழியில், "பரீட்சை எப்போ?" என்றார். தேதி சொன்னேன். அவ்வளவுதான். அவருடைய அச்சம் ஒரு நாடகத்தால் தீர்ந்துவிடக் கூடியதன்று. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

ஆனால் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. சணலின் இயல்பையும் சாயத்தின் வினையையும் எனக்குக் கல்லூரி கற்றுக்கொடுத்தது. சரம் தொடுக்கும் சுருக்கும், நழுவாத தலைக்கட்டும் என் வீட்டிலேயே இருந்தன. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் நம்மில் பலர், வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிக்கொண்டு வருகிறோம். அவர்களும் அப்படியே எண்ணி நம்மை அனுப்பி வைக்கிறார்கள். இரு தரப்பும் தவறு. அடுத்த ஆண்டு கல்லூரி விழாவுக்கு வேடம் வேண்டுமென்றால், வாடகைக் கடைக்குப் போகுமுன் உங்கள் வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் நண்பர்களே! பிடரியும் காதும் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கின்றன. தேவைப்படுவோர் வந்து எடுத்துச் செல்லலாம். வாடகை கிடையாது. தலைக்கட்டு கட்டும் முறையை மட்டும் நானே கட்டிக் காண்பிப்பேன்.